போலியோ பணியும் பத்திரமில்லாத பிள்ளைகளும்: மன்றத்தின் நிலைப்பாடு

  கம்பார் வட்டாரத்தில் ஊசி விடுபட்ட பிள்ளைகளைத் தேடிக் கிளினிக்குக்கு அனுப்ப நம் தொண்டர்கள் செய்துவரும் போலியோ பணி குடியுரிமை உள்ள குழந்தைகளோடு மட்டும் நிற்க வேண்டும் என்ற யோசனை கடந்த பொதுக்கூட்டத்துக்குப் பிறகும் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவருவதால், செயற்குழு தன் முடிவை எழுத்தில் வைக்கிறது. செயற்குழுவில் எல்லாரும் இதன் ஒவ்வொரு சொல்லையும் ஏற்றனர் என்று சொல்ல முடியாது. பெரும்பான்மையினர் ஏற்றனர்.

அந்த யோசனையை மன்றம் ஏற்கவில்லை.

அக்டோபர் 24, உலகப் போலியோ நாள் நிதி வசூல் வழக்கம்போல் நடக்கும்.  இயற்கைப் போலியோ வைரஸ் இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே நிலைகொண்டிருக்கிறது, நமக்கென்ன என்று கேட்டவர்களுக்கு சபாவே பதில்.

1992க்குப் பிறகு மலேசியாவில் நெடுநாள் போலியோ இல்லை. 2000இல் போலியோ அற்ற வட்டாரம் என்ற சான்றும் கிடைத்தது. ஆனால் 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோவால் வாதம் வந்தது. அது மலேசியக் குழந்தை. சுகாதார அமைச்சு அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, இரண்டு மாதம் முதல் 15 வயது வரையிலான 199 பேரில் 23 பேர் போலியோ தடுப்பு மருந்தே பெறாதவர்கள் என்று தெரிந்தது. அடுத்து நோய் கண்டவர்களில் குடியுரிமை இல்லாத பிள்ளைகளும் இருந்தனர். பத்திரம் உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்று அந்த வைரஸ் பார்க்கவில்லை. அரசாங்கமும் பார்க்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து கொடுத்தது. 2021இல்தான் அந்தப் பரவல் முடிவுக்கு வந்தது.

2008 முதல் நம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி போடப்படுகிறது. ஊசி அந்தப் பிள்ளையை வாதத்திலிருந்து காக்கும். ஆனால் குடலில் வைரஸ் தங்கி அடுத்தவருக்குப் போவதை அது முழுதாகத் தடுப்பதில்லை. தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவரே வாதத்துக்கு ஆளாவதால், ஒரு பிள்ளையின் கால் துவளும்போது வைரஸ் ஊர் முழுக்கப் போயிருக்கும். அப்போது அகப்படுவது ஊசி போடாத பிள்ளை.

அந்தப் பிள்ளை யார்? "அந்நியர் பிள்ளை" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்கள் கிந்தா பள்ளத்தாக்கின் தோட்டங்களை மறந்துவிட்டார்களா? அப்பா இந்நாட்டுக் குடிமகன், அம்மா வெளிநாட்டவர், திருமணம் பதிவாகவில்லை என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. ஆயுள் முழுக்கப் பால்மரம் சீவியும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு போய்ச்சேர்ந்த தாத்தாக்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள். தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்த காலத்தில் பிள்ளைகள் ஓரிடத்தில் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சிதறிய பிறகு அவர்களைத் தேடிப் போக ஆள் வேண்டியிருக்கிறது. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் உண்டு. பத்திரமில்லாமல் வருபவர்களைப் பற்றித் தகவல் கொடுக்கச் சொல்லும் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் உண்டு. கூலி வேலை செய்யும் தாய் இந்த இரண்டையும் தாண்டித்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவளைப் பார்த்து முதலில் அட்டையைக் காட்டு என்று நம் மன்றமும் கேட்குமானால், நாம் சேவை என்ற சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து எடுத்துவிடலாம்.

செலவு பற்றிக் கவலை தெரிவித்த உறுப்பினர்களின் கருத்தை மதிக்கிறோம். நிதி இடம்கொடுக்கும் அளவுக்கு, ஊசி விடுபட்ட எந்தக் குழந்தைக்கும் கிளினிக் கட்டணத்தையும் வண்டிச் செலவையும் மன்றம் ஏற்கும். அமைச்சின் விதிகளை மீறும்படி யாரையும் கேட்கவில்லை. தொண்டர்கள் ஊசியைத் தொடமாட்டார்கள், அது தாதியர் வேலை. ஆனால் எந்தத் தொண்டரும் ஒரு பிள்ளையின் குடியுரிமையைக் கேட்கவோ, எழுதிவைக்கவோ, வெளியில் சொல்லவோ கூடாது.

இந்த முடிவை ஏற்க முடியாதவர்கள் தங்கள் போலியோ நன்கொடையைத் திரும்பப் பெறப் பொருளாளருக்கு எழுதலாம். குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் குடும்பப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவர்கள் உடனே நீக்க வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் நீக்காதவர்கள் மீது மன்ற விதிப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.