ஆர்.எஸ்.ஐ. 30-க்குக் கீழே போச்சா? அவசரப்படாதீங்க!

ஹாஸ்டல்ல இப்போ ஒரு மந்திரம் ஓடிட்டிருக்கு: "ஆர்.எஸ்.ஐ. 30-க்குக் கீழே போனா வாங்கு, 70-க்கு மேலே போனா வித்துடு." வீட்டிலிருந்து வந்த ஃபீஸ் பணத்தை இந்த மந்திரத்தை நம்பி டிமேட் கணக்கில் போடுறதுக்கு முன்னாடி, ரெண்டு நிமிஷம் இதைப் படிங்க.

1978-ல் ஆர்.எஸ்.ஐ.யை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவின் வெல்ஸ் வைல்டர். அவரும் மெக்கானிக்கல் இன்ஜினியர்தான். கணக்கு சிம்பிள். 14 நாள் ஏற்றத்தின் சராசரியை இறக்கத்தின் சராசரியால் வகுக்கணும். விடை 3 வந்தால் ஆர்.எஸ்.ஐ. 75, மூன்றில் ஒன்று வந்தால் 25. எழுபதைத் தாண்டினால் 'அளவுக்கு மீறி வாங்கிட்டாங்க', முப்பதுக்குக் கீழே போனால் 'அளவுக்கு மீறி வித்துட்டாங்க' என்று அர்த்தம் சொல்றாங்க.

ஆனா இந்த ஃபார்முலாவுக்குள் போகும் இன்புட் என்ன? பழைய விலை மட்டும்தான். கம்பெனியின் லாபம், கடன், நிர்வாகம் எதுவும் அதுக்குத் தெரியாது. 'வேகமா இறங்கியிருக்கு' என்று சொல்லும். 'இனி இறங்காது' என்று சொல்லாது. நாமதான் ரெண்டையும் ஒண்ணாக்கிக்கிறோம்.

யெஸ் பேங்க் கதையைப் பாருங்க. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்த பங்கு, செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது. 'அளவுக்கு மீறி வித்துட்டாங்க, சீப்பா கிடைக்குது' என்று 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி வைத்திருந்தவர், 2020 மார்ச் 6-ல் அது 10 ரூபாய்க்கும் கீழே போனதைப் பார்த்திருப்பார். ஆர்.எஸ்.ஐ.க்கு பூஜ்யம் என்ற தரை உண்டு. ஆனா நீங்க வாங்கின விலை பங்குக்குத் தரை ஆகிடாது.

அதுக்காக ஆர்.எஸ்.ஐ.யைத் தூக்கிப் போடச் சொல்லலை. ஒரே எல்லைக்குள் மேலும் கீழும் ஆடும் பங்கில் அது ஓரளவு உதவும். ஒரே திசையில் ஓடும் பங்கில் வாரக்கணக்கில் 70-க்கு மேலேயே நிற்கும். சீக்கிரம் வித்தவன் வேடிக்கை பார்ப்பான். அதனால 30 என்ற எண்ணைப் பார்த்தால் 'ஏன் விழுது?' என்று கேளுங்க. பதில் கிடைக்கலைன்னா வாங்காதீங்க.

2022-23-ல் பங்குகளை அன்றன்றே வாங்கி விற்ற தனிநபர்களில் 10-ல் 7 பேருக்கு நஷ்டம் என்கிறது செபி ஆய்வு. நமக்குத்தான் பைதான் தெரியுமே! பழைய விலைகளை எடுத்து இந்த விதியை ஓட்டிப் பாருங்க. புரோக்கரேஜ், வரியைக் கழிங்க. ஜெயித்த கம்பெனிகளோடு விழுந்த கம்பெனிகளையும் சேருங்க. அதுக்கப்புறமும் லாபம் வந்தால், அப்போ பணத்தைப் பற்றி யோசிக்கலாம். ஃபீஸ் பணத்தை மட்டும் அப்பவும் தொடாதீங்க.