மாத்திரையில் சிக்கனம் வேண்டாமே!



எங்கள் எதிர்வீட்டு அக்கா சிக்கனத்துக்குப் பெயர் போனவர். புளியைக் கரைத்தால் சக்கையைக்கூட எறிய மாட்டார். பித்தளைப் பாத்திரம் தேய்க்க எடுத்து வைப்பார். பழைய புடவை தலையணை உறையாகும், உறை கிழிந்தால் கரித்துணியாகும். "அவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று நானே பல முறை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் செய்த ஒரு சிக்கனம்தான் இந்த முறை என்னை எழுத வைத்திருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிர முடியாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் வலது கால் பெருவிரலில் ஒரு கட்டு. "படியில இடிச்சுக்கிட்டேன். மூணு வாரமா ஆறலைம்மா" என்றார். எனக்குப் பகீரென்றது. அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது தெரியும்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் மூவாயிரம் ஆகுது. எங்கே போறது? அவருக்கு முழுசா வாங்கிடுவேன். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுப்பேன். வீட்டிலேயே இருக்கிறவதானே..."

வீட்டிலேயே இருக்கிறவதானே! இந்த வார்த்தையை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! பால் விலை ஏறினால் முதலில் குறைவது நம் காபி. மருந்துச் செலவு ஏறினால் முதலில் குறைவது நம் மாத்திரை. காபி குறைந்தால் ஒன்றும் ஆகாது. மாத்திரை குறைந்தால்?

டாக்டரிடம் அழைத்துப் போனேன். புண்ணைப் பார்த்தவர், "நீங்க மாத்திரைக்கு லீவு விட்டா சர்க்கரையும் லீவு விடுமா அம்மா?" என்றார். நல்ல வேளை, விரல் தப்பியது. ஆனால் புண்ணுக்கு ஆன செலவு, அக்கா மாத்திரையில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு. அதோடு ஒரு மாதம் வீட்டு வேலை முடங்கியது.

சகோதரிகளே, மருந்துச் செலவைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் குறைக்க வேண்டியது விலையை. மருந்தின் அளவை அல்ல! அதற்கு வழிகள் இருக்கின்றன. நானும் அக்காவும் அலைந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வழி, அரசு மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் தொற்றா நோய்ப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் அங்கே பரிசோதனை, மாத்திரை இலவசம். இன்சுலின் தேவைப்படுகிறவர்களுக்கு அதுவும் இலவசம். "கூட்டத்தில் யார் நிற்பது?" என்று தோன்றும். முதல் நாள் கொஞ்சம் நேரம் ஆகும், உண்மைதான். சீட்டுப் போட்டுவிட்டால் பிறகு மாதம் ஒரு காலைப் பொழுது. பழைய சீட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் சேர்ப்பது பற்றி அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருவதற்காக ஏற்பட்ட திட்டம் அது.

இரண்டாவது, மலிவு விலை மருந்தகங்கள். 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் 'மக்கள் மருந்தக'த் திட்டம் (ஜன் ஔஷதி என்று பலகையில் இருக்கும்) இப்போது பல ஊர்களில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. இங்கே மருந்து கம்பெனிப் பெயரில் இல்லாமல், மருந்தின் சொந்தப் பெயரிலேயே கிடைக்கும். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் பாதி விலைக்கும் கீழே கிடைப்பதுண்டு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், மேலட்டைதான் வேறு.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், இதே மருந்து விலை குறைவாக் கிடைக்குமா? மருந்தோட பேரை எழுதித் தர்றீங்களா?" கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. சில மருந்துகளுக்குக் காப்புரிமை முடிந்ததும் விலை மளமளவென்று இறங்கியிருக்கிறது. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை ஒன்று ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து, பத்து ரூபாய்ச் சுமாருக்கே வந்துவிட்டது. சிட்டாக்ளிப்டினும் 2022-க்குப் பிறகு இப்படித்தான் இறங்கியது. பழைய சீட்டை வைத்துப் பழைய விலையே கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை! புது மருந்து வாங்கியதும் பழைய அட்டையை ஒதுக்கி வையுங்கள். பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். ஒரு மாத்திரையிலேயே இரண்டு மருந்து சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே மாற்றும்போது டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டே மாற்றுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பேனாவில் போடும் புதுவகை இன்சுலினைவிட, சீசாவில் வரும் சாதாரண மனித இன்சுலின் மிகவும் மலிவு. மாற்றலாமா, அளவு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சீசாக்களில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சுதான். ஆரஞ்சு மூடி 100 யூனிட் இன்சுலினுக்கானது. மாற்றிப் போட்டால் அளவே தப்பாகிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லையா? கவலை வேண்டாம். மண்பானையில் தண்ணீர் ஊற்றி, சீசாவை நனையாதபடி பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, அதற்குள் மிதக்க விட்டு நிழலில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் இருந்தால் கதவுத் தட்டு போதும். உறையும் பகுதியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். கெட்ட சீசாவும் வீண் செலவுதானே!

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்குவதானால், மெஷின் விலையைக் கேட்கு முன் பட்டை விலையைக் கேளுங்கள். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்கிற கதைதான் இது! மெஷின் ஒரு தடவைச் செலவு, பட்டை ஆயுசுக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் மெஷினுக்கும் பட்டைக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லைப் பார்த்து வாங்குங்கள். பட்டை டப்பாவைத் திறந்த தேதியை மேலே எழுதி வைத்தால், காலம் கடந்து வீணாகாது. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் தினமும் குத்திப் பார்க்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் இதில் கை வைக்கக் கூடாது.

பண உதவி பற்றிப் பலரும் கேட்பது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கு இது இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் பெரிய சிகிச்சைக்குத்தான். நோய் முற்றிய பின் வருமானச் சான்றுக்கு ஓடுவதைவிட, இப்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் சகிதம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்து வைப்பது புத்திசாலித்தனம். கணவரோ பிள்ளைகளோ இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்தால், அந்த மருந்தகத்தில் குடும்பத்துக்கே மருந்து கிடைக்கும். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் பணம் கட்டிவிட்டு மருந்தை வாங்காமல் விட்டிருக்கிறார்கள்!

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்குமே சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது 2007 முதல் அரசு வகுத்த விதி. கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால், பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் மறுபடி பார்த்துவிட வேண்டும். குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகும் அன்றே உங்களுக்கும் பார்க்கச் சொல்லலாம். குழந்தைக்கே சர்க்கரை என்றால் அதற்கு இன்சுலின்தான் உயிர். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. செலவுக்குப் பயந்து நாட்டு மருந்துக்கு மாற்றிவிடாதீர்கள், அது ஆபத்து! சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோவையில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக இன்சுலின் தரும் 'இதயங்கள்' அறக்கட்டளை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எதிர்வீட்டு அக்கா இப்போது மாதம் ஒரு தடவை சுகாதார நிலையத்துக்குப் போய் வருகிறார். அங்கே இல்லாத ஒரு மாத்திரையை மட்டும் மலிவு விலைக் கடையில் வாங்குகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆகும் செலவு, முன்பு அவர் கணவருக்கு மட்டும் ஆனதில் பாதிகூட இல்லை. "அட, இது தெரியாம ஒரு வருஷமா ஏமாந்துட்டேனே!" என்றார். விரல் ஆறி, வாசலில் கோலம் மறுபடி பெரிதாகிவிட்டது.

இன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். தேதிக்கும் மாத்திரைக்கும் கணக்கு இடிக்கிறதா? இடித்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே இருக்கிறவள் நலமாக இருந்தால்தானே, வீடு நலமாக இருக்கும்!