‘மனசு வெச்சா விட்டுடலாம்’ என்கிற பொய்

குடிநோயாளி இருக்கும் வீடுகளில் அம்மாவும் மாமனாரும் பஞ்சாயத்து பேச வரும் பெரியவரும் சொல்வது ஒன்றுதான்: “மனசு வெச்சா இன்னைக்கே விட்டுடலாம். இவனுக்குத் திமிர்.” இந்த நம்பிக்கை தவறானது. அதோடு, உயிரையும் வாங்கக்கூடியது.

குடிப்பவர் சுகத்துக்காகவே குடிக்கிறார் என்ற எண்ணத்திலிருந்துதான் இது பிறக்கிறது. டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதி எழுதி நாமும் அதை வளர்த்துவிட்டோம். அமெரிக்க ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ், மூளையில் டோபமைன் அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டுப் பார்த்தார். அவை முன்போலவே நாக்கைச் சப்புக்கொட்டி ருசித்தன. ஆனால், பக்கத்தில் இருந்த உணவைத் தேடிப் போய்த் தின்னவில்லை. டோபமைன் முக்கியமாகத் தூண்டுவது வேட்கையை. ருசி வேறு, வேட்கை வேறு. “எனக்கே பிடிக்கல, ஆனா கால் தானா கடைக்குப் போகுது” என்று ஒருவர் அழுதால் அது நடிப்பு இல்லை.

நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இன்னும் முக்கியமானது. விளக்கு எரிந்த பின் பழச்சாறு வரும் என்று பழகிய குரங்கின் டோபமைன் செல்கள், சாறு வரும்போது துடிக்கவில்லை. விளக்கு எரிந்தபோதே துடித்தன. குடிநோயாளிக்கு மாலை ஆறு மணியும், கடையின் பலகையும், “கட்டிங் போடலாமா?” என்று கேட்கும் நண்பனின் குரலும் அந்த விளக்குதான். வேட்கையை அடக்க வேண்டிய மூளையின் முன்பகுதியையும் பல வருடக் குடி பலவீனமாக்கிவிடுகிறது. மனசு வை என்றால் அவர் எங்கிருந்து வைப்பார்?

உயிராபத்து இதற்குப் பிறகுதான் வருகிறது. காலையில் ஒரு வாய் ஊற்றினால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், வீட்டாரின் சாபத்துக்கோ சத்தியத்துக்கோ பயந்து திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிய்ப்பார், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் விழிப்பார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரவாதியிடம் தூக்கிச் செல்லும் குடும்பங்கள் உண்டு. அந்த நேரத்தில் தேவை லோராசிபம் போன்ற மருந்தும், தயமின் ஊசியும், மருத்துவமனைக் கட்டிலும். கோயிலில் கயிறு கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள் என்கிறேன்.

நிறுத்திய பிறகும் சோறு ருசிக்காது, தூக்கம் வராது, குழந்தையின் சிரிப்புகூட மனதைத் தொடாது. “குடியை விட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்” என்று ஏசாதீர்கள். பலருக்குச் சில வாரங்களில் இது தெளியும். தெளியாவிட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். குடியும் மனச்சோர்வும் சேர்ந்த இடத்தில் தற்கொலை அபாயம் பல மடங்கு கூடுகிறது.

தானாகவே விட்டவர்கள் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறார்கள். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். நாடு திரும்பிய ஓராண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. போர்க்களம் போய் வீடு வந்தது. சூழல் அடியோடு மாறியது. நம் ஊர்க்காரருக்கு எது மாறுகிறது? அதே தெரு, அதே கடன், வழியில் அதே டாஸ்மாக்.

நோய் என்று சொன்னால் பொறுப்பு கழன்றுவிடாது. மனைவியை அடித்தவன் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சைக்கு வருவதும் தொடர்வதும் அவர் கடமை. அதேபோல், அவருக்குத் தெரியாமல் சாம்பாரில், குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிரம் மருந்தைக் கலப்பது குடும்பத்தின் உரிமை ஆகாது. அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே மனநோய் வரையறைக்குள் வைத்திருக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழக அரசு, தாலுகா மருத்துவமனை வரை போதை மீட்புப் படுக்கைகளும் மனநல மருத்துவரும் தர வேண்டும். அது சலுகை இல்லை, கடன். வீட்டில் இருப்பவர்கள் சத்தியம் வாங்குவதை நிறுத்திவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழையுங்கள்.