சேகோவுக்கு விதை கிடையாது

ஆங்கிலத் தேர்வு நெருங்கிவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் மூன்று சொற்கள் சத்தமாகக் கேட்கும்: ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், லக்கேஜ். எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். பின்னால் 'எஸ்' போட்டால் மார்க் போய்விடும். அப்பா படித்த கைடிலும் இந்தப் பட்டியல்தான், மகள் படிக்கும் கைடிலும் இதேதான்.

கைடுகள் மீது இந்தப் பத்திக்கு உள்ள கோபம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை என்று சொல்லிவிட்டுக் கிளறுவதும் அவர்களுக்குப் பழக்கம்தான். சுற்றிலும் ஜனங்கள் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை அன்றாடம் புழங்கிப் பிழைக்கும் ஊரில், உதாரணத்துக்கு ஏன் எப்போதும் ஃபர்னிச்சர்? நாமக்கல் கோழிப்பண்ணையில் தீவனம் போடுகிறவருக்கு 'லேயர்' என்றால் முட்டையிடும் கோழி. ஆங்கில அகராதியும் அந்தப் பொருளைத் தருகிறது. பள்ளிக்கூடம் மட்டும் 'அடுக்கு' என்பதோடு நின்றுவிடுகிறது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் 'பாடி பில்டிங்' பலகையைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பதும் உண்டு.

எண்ண முடியாத பெயர்ச்சொல் வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் சேகோ, அதாவது ஜவ்வரிசி, இருக்கிறது. ஒரு கிலோ சேகோ, ஒரு மூட்டை சேகோ, ஒரு லோடு சேகோ எல்லாம் சரி. 'ஒரு சேகோ', 'ஐந்து சேகோஸ்' என்று எழுதினால் தப்பு. ஒற்றை மணியைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் 'பேர்ல்' என்று முத்தைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

இலக்கணம் இத்தோடு போதும். தேர்வு பாட்டுக்குத் தேர்வு நடக்கட்டும். எரிச்சல் வந்தது வேறோர் இடத்தில். ஒரு மளிகைக்கடை அலமாரியில் இருந்த ஜவ்வரிசிப் பாக்கெட்டில், கொட்டை எழுத்தில் 'சேகோ சீட்ஸ்' என்று அச்சிட்டிருந்தார்கள். விதையாம்! அதுவும் சேலத்தில்!

ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் பக்கத்துக் காடுகளில் பிடுங்கிய குச்சிக்கிழங்கு லாரியில் ஆலைக்கு வருகிறது. மரவள்ளி என்பது அரசாங்கத் தாள்களில் உள்ள பெயர். அதில் உள்ள மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்துதான் விலை பேசுவார்கள். பாயிண்ட் குறைந்தால் விவசாயி முகம் சுருங்கிவிடும். தோலை உரித்துக் கழுவி, தண்ணீர் விட்டு அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுகிறார்கள். மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அடியில் படிந்த மாவை ஈரப்பதம் பார்த்து எடுத்து, உதிர்த்து, ஆட்டிக் குலுக்கினால் பொடி ஒன்றோடொன்று ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். பிறகு சலித்து, சூட்டில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். வடகத்துக்கு வாங்கும் நைலான் ஜவ்வரிசி ஆவியில் வெந்து கண்ணாடி போலத் தெரிவது.

இதில் விதை எங்கே வந்தது? கிழங்கைப் பயிரிடவே யாரும் விதை தேடுவதில்லை. தண்டை வெட்டிக் குச்சி குச்சியாக ஊன்றுகிறார்கள், அவ்வளவுதான். தமிழில் ஜவ்வரிசி என்று 'அரிசி'யும் இந்தியில் சாபுதானா என்று தானியமணியைக் குறிக்கும் 'தானா'வும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று யாராவது வாதாடலாம். அவை உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். பாக்கெட்டில் உள்ளதைச் சொல்ல வேண்டிய லேபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பாக்கெட்காரரைத் திட்டினால் ஆங்கிலப் பண்டிதர் ஒருவர் குறுக்கே வருவார். 'சீட்ஸ் மட்டுமா தப்பு? சேகோ என்பதே தப்பு' என்பார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. மலாய் மொழியின் 'சாகு'தான் ஆங்கிலத்தில் இப்படி ஆனது. அது நியூ கினி, சரவாக் சதுப்புகளில் வளரும் ஒரு பனை. வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் மரம். பூப்பதற்கு முன்பே வெட்டிச் சாய்த்து, நடுத்தண்டின் சோற்றைக் கழுவி மாவெடுப்பார்கள். சுமத்திராவில் மாவு தரும் மரங்களைப் பார்த்து வியந்து மார்கோ போலோ எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர்ச் சீனர்களின் ஆலைகளில்தான் இது முத்தாகி உலகெங்கும் போனது. குச்சிக்கிழங்கோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் மாவுக்கு ஆங்கிலத்தில் 'டேபியோகா' என்று வேறு பெயர் இருக்கிறது. ஆகவே சேலத்துச் சரக்கை டேபியோகா என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பண்டிதர் கட்சி.

கட்சி பலமானதுதான், 1942 வரைக்கும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பான் படை மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும் கப்பலில் வந்த சேகோ நின்றுபோனது. சேலத்து மாணிக்கம் செட்டியார் மீன் வியாபாரத்துக்காகக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்குக் கிழங்கு மாவில் சேகோ உருட்டும் வித்தை தெரியும். இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார்கள். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களைச் செப்பனிட்டு வேகம் கூட்டினார். ஒரு மீன் வியாபாரி, ஒரு குஜராத்திக்காரர், ஒரு மெக்கானிக்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளை இந்தியா முழுக்க மாற்றியவர்கள் இவர்கள்தான். இவர்கள் பெயர் பாடநூலில் இருக்க வேண்டாமா என்று கேட்டால், பத்தி மறுபடி கைடுக்கே போய்விடும்.

சட்டமும் இவர்கள் பக்கம் வந்தது. சேகோப் பனையின் மாவிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்தோ செய்த சிறிய கெட்டியான முத்துகளே சேகோ என்பது இந்திய உணவுச் சட்ட விதிகள் தரும் இலக்கணம். இரண்டுமே ஏற்பு. ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் சேலத்தில் தோன்றியது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஹாங்காங் மாம்பழ இனிப்பில் மிதக்கும் சேகோவும் பிலிப்பைன்ஸ் தெருவோரச் சர்பத்தில் விழும் சேகோவும் இன்று பெரும்பாலும் மரவள்ளி முத்துதான். பண்டிதர் தனியாக நிற்கிறார்.

அவர் கண்டிக்க வேண்டிய இடமே வேறு. நர்சரிகளில் அலங்காரத்துக்கு விற்கும் 'சேகோ பாம்' பனையே அல்ல. சைக்கஸ் என்ற இனம். அதன் விதையைத் தின்றால் நாய் செத்தும் போகலாம். சேகோவோடு 'சீட்ஸ்' சேர்ந்தால் நினைவுக்கு வர வேண்டியது அந்த நஞ்சுதான்.

இன்னொரு தப்பு இதைவிடக் கனமானது. குச்சிக்கிழங்கு விலை ஏறும்போது சிலர் மலிவான மக்காச்சோள மாவைக் கலந்து உருட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது ஆலைகளில் சோதனை போட்டுப் பிடிக்கிறது. சட்டத்தின் இலக்கணத்தில் பனைக்கும் கிழங்குக்கும்தான் இடம், சோளத்துக்கு இல்லை. சேலத்துச் சரக்கில் பெரும்பங்கு போவது வடக்கே, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களுக்கு. அங்கே ஏகாதசி, நவராத்திரி விரதங்களில் தானியம் தொடக் கூடாது. கிழங்கில் செய்தது என்பதால்தான் சாபுதானா கிச்சடிக்கு அனுமதி. கலப்படச் சரக்கு வாங்கிய வீட்டில், நாளெல்லாம் விரதம் காத்த பாட்டி தனக்கே தெரியாமல் சோளம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.