காலுறைக் குறளன்

கிறிஸ்து பிறப்புத் திருநாளை ஒட்டி இஞ்ஞான்று நம் இல்லங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் ஒரு புதிய விருந்தினன் வந்து அமர்கின்றான். உயரம் ஒரு சாண், பருத்த வயிறு, மார்பை மூடிய வெண்தாடி, உருண்டை மூக்கு, கண்ணை மறைத்துக் கவிந்த நீண்ட கூர்ங்குல்லாய். துணையிழந்த காலுறை இரண்டும் சிறிது நூலும் இருப்பின், ஊசியைத் தொடாமலே அரைமணிப் பொழுதில் இவனை ஆக்கிவிடலாம். ஆதலின் மாணவரிடையே இவனுக்கு மதிப்பு மிகுதி. அம்மதிப்பைக் குறைகூற யாம் வந்தோம் அல்லோம். ஆயினும், இவன் யார் என்பதனை அறியாது செய்வோர், இவன் இயல்புக்கு முற்றும் மாறான வகையிலே இவனைச் செய்கின்றனர் என்பதே எம் வழக்கு.

முதற்கண் பெயர். ஆங்கிலத்தில் இவனை நோம் என்பர். மண்ணினூடே இயங்கும் சிற்றுயிர்களுக்கு, 16-ஆம் நூற்றாண்டினரான பாரசெல்சுஸ் என்னும் மருத்துவர் வழங்கிய பெயரின் வழிவந்தது அச்சொல். தமிழில் சித்திரக் குள்ளன் எனக் கூறி அமையலாம். ஆயின் ‘குறள்’ என்னும் அழகிய சொல் நம்மிடம் இருக்க அதனை விடுவானேன்? ஈரடிப் பாட்டிற்கும் குள்ள உருவினர்க்கும் அது பொதுச்சொல். சிலப்பதிகாரத்திற் கோப்பெருந்தேவியைச் சூழ்ந்து வரும் ஏவலருள் குறளரும் உளர். குறளன் ஏவல் புரிவோன் என்னும் இக்குறிப்பை வாசகர் உளத்திருத்துவாராக, பின்னர் வேண்டப்படும்.

நாம் காலுறையிற் செய்யும் உருவம் மேனாட்டுத் தோட்டங்களில் நிற்கும் மண்பொம்மையின் வழியினன் அல்லன். இவன் பிறப்பிடம் வடபுலம். சுவீடன் நாட்டார் இவனைத் தொம்தே என்பர். நார்வேயினரும் டென்மார்க்கினரும் நிஸ்ஸே என்பர். பின்லாந்தில் இவன் பெயர் தொந்து. சுவீடன் மொழியில் தொம்த் என்றால் வீடு அமைந்த மனை. தொம்தே அம்மனைக்கு உரியவன். நெடிய குளிர்கால இரவில் உழவன் உறங்குங்கால், இவன் தொழுவத்திற்குச் சென்று குதிரையையும் ஆவையும் பேணுவான், களஞ்சியத்தைக் காப்பான். ஒருவர் கண்ணுக்கும் புலனாகான். ஆண்டு முழுதும் செய்த இவ்வூழியத்திற்கு இவன் பெறுவது ஒன்றே: கிறிஸ்து பிறப்பின் முன்னிரவில் ஒரு கிண்ணம் கஞ்சி, அதன்மேல் ஒரு கட்டி வெண்ணெய்.

அவ்வெண்ணெய் பற்றி அந்நாடுகளில் ஒரு கதை வழங்குகின்றது. வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி, விளையாட்டாக வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் வைத்து அதன்மேற் கஞ்சியை ஊற்றினாள். மேலே வெண்ணெய் காணாத நிஸ்ஸே சினந்து, தொழுவத்திற் சென்று ஒரு பசுவைக் கொன்றான். பின்னர்ப் பசி மிகுந்து கஞ்சியை உண்டபொழுது அடியில் வெண்ணெய் இருக்கக் கண்டு உள்ளம் நொந்து, இறந்த பசுவிற்கு ஈடாக அதனையொத்த வேறொரு பசுவைக் கொணர்ந்து நிறுத்தினான் என்பது கதை. இதனைப் பேய்க்கதை என நகைப்பார் நகைக்க. எமக்கோ இது கூலிக்கதையாகத் தோன்றுகின்றது. காணாது உழைப்பவனுக்கும் உரிய பங்கு உண்டு. அது காணும்படி மேலே இருத்தல் வேண்டும் என்று அவ்வுழவர் எண்ணினர் போலும்.

இத்தகைய உருவைக் கிறிஸ்தவர் திருநாளில் வைத்தல் தகுமோ என நண்பர் சிலர் வினவுகின்றனர். வினா புதிதன்று. 14-ஆம் நூற்றாண்டிலேயே சுவீடன் நாட்டுப் புனித பிரிகித்தா இத்தகைய மனைத்தெய்வ வழிபாட்டைக் கண்டித்துள்ளார். வழிபாடு இருந்தவரை அக்கண்டனம் முறையே. ஆனால் காலம் அவனை வழிபடுபொருள் என்னும் நிலையினின்று இறக்கிக் கதைப்பொருள் ஆக்கிவிட்டது. 1881-ஆம் ஆண்டில் விக்டர் ரிட்பெரி என்னும் புலவர் தொம்தேயைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர் யெனி நிஸ்த்ரோம் என்னும் அம்மையார். அவர் தூரிகை எழுதிய செங்குல்லாய்க் கிழவனே பின்னர்த் திருநாள் வாழ்த்து மடல்களில் வீடுதொறும் புகுந்தான். மடலில் உள்ளவனை யாரும் வணங்கினார் அல்லர். காலுறையில் உள்ளவனையும் யாரும் வணங்கப் போவதில்லை.

இனி, செய்யும் முறை. இரண்டு காலுறை வேண்டும்; இரண்டும் வெவ்வேறு இணையைச் சேர்ந்தனவாதல் நலம். வெப்ப நாட்டினராகிய நம்மிடம் காலுறை மிகுதியாக இராது எனினும், தேசிய மாணவர் படையினரும் பந்தாட்டக்காரரும் உள்ள விடுதியில், வண்ணான் வீடு சென்று தனியே திரும்பிய காலுறைக்குப் பஞ்சம் இல்லை. இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலைச் சிறு துணியில் முடிந்து, ஒரு காலுறையின் விரற்பகுதியில் இறக்குக. துணியின்றி மணலை இட்டால் பின்னல் வழியே ஒழுகிவிடும். மேலே சிறிது பஞ்சு வைத்துச் சணல்நூலால் இறுகக் கட்டி, எஞ்சியதை வெட்டிவிடுக. மேசைமேல் வைத்து ஒருமுறை அழுத்தினால் அடி தட்டையாகி நிமிர்ந்து நிற்பான். இரப்பர் வளையம் கொண்டு கட்டுவோரும் உளர். நம் ஊர் வெயிலில் அது விரைவில் இற்றுவிடும்.

குல்லாய்க்கு மற்றைக் காலுறையின் கணைக்காற் பகுதியை வெட்டி எடுத்து, உட்புறம் வெளியாகத் திருப்பி, வெட்டிய முனையை நூலாற் கட்டி மீண்டும் திருப்புக. முடிச்சு உள்ளே மறைந்துவிடும். நெகிழும் விளிம்பு தலையைப் பற்றிக்கொள்ளும். தையல் இல்லாமை ஒரு குறை என்பார்க்கு இம்முடிச்சே விடை. தாடிக்குச் சணற்கயிற்றைப் பிரித்துச் சீப்பால் வாரிய நார் போதும். அதனை உடலின் கழுத்துக்கட்டிற் சேர்த்துக் கட்டுக. வெட்டி எஞ்சிய துண்டிற் பஞ்சு பொதிந்து முடிந்தால் மூக்கு. அதனைத் தாடியின் தலைப்பிற் கட்டிக் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டால் பணி முடிந்தது. கண் எழுத வேண்டுவதில்லை. நிஸ்த்ரோம் அம்மையார் வரைந்த கிழவர்க்குக் கண்ணும் முகமும் உண்டு. கண்ணை மூடிவிடுதல் பிற்காலத்து வழக்கம். ஓவியம் வாராத எம்மனோர்க்கு அது பேருதவி.

மணலுக்கு மாறாக அரிசியை நிரப்புமாறு கற்பிப்போர் பலர். இதனை யாம் வன்மையாக மறுக்கின்றோம். மழைக்கால ஈரத்தில் அரிசி புழுக்கும், எலி வரும். அவை சிறு காரணங்கள். சுவீடன் நாட்டில் அரிசி விளைவதில்லை. கப்பலேறி வந்த அரும்பண்டம் ஆதலின் முன்னாளில் அதனைத் திருநாளுக்கென்றே போற்றிவைத்தனர். பாலில் வெந்த அரிசிக் கஞ்சிக்கு இன்றும் அங்கே தொம்தேயின் கஞ்சி என்று பெயர் உண்டு. அவனுக்கு ஆண்டிற்கு ஒருமுறை கிண்ணத்தில் இட்ட பொருளை, அரிசியே உணவாகிய நாட்டில் வாழும் நாம், உண்ண முடியாதபடி அவன் வயிற்றிற் கட்டிவைப்பது என்ன முறை? ஆற்றுமணல் இல்லையேல் உமி உளது, புளியங்கொட்டை உளது.

அரிசியினும் பெரிய பிழை, கடைக்குச் சென்று புதுக்காலுறையும் செயற்கை மயிர்த்தோலும் மரமணியும் வாங்கி வந்து, ‘எஞ்சியவற்றைக் கொண்டு செய்தோம்’ என்று பெருமை கொள்வது. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு! பொருட்காட்சியில் வரிசையாக நிற்கும் அவற்றைக் கண்டால் படைவீரர் அணிவகுப்பு நினைவிற்கு வருகின்றதே அன்றி, தொழுவத்துக் கிழவன் நினைவு வருவதில்லை. குதிகால் தேய்ந்த காலுறையிற் செய்த குறளனுக்கு ஒரு முகவெட்டு உண்டு. அது விலைக்கு வாராது.

குல்லாயையும் எளிதென எண்ணற்க. செருமானியர் நார்வேயைக் கைப்பற்றி ஆண்ட காலத்தில், செந்நிறக் கூர்ங்குல்லாய் அணிவதே நாட்டுப்பற்றின் அடையாளம் ஆயிற்று. 1942-ஆம் ஆண்டில் அதனை அணியலாகாது என ஆட்சியாளர் தடை விதித்தனர். ஒரு குள்ளனின் தலையணிக்கு அஞ்சிய அரசும் உலகில் இருந்தது!

இலக்கியம் பயில்வோர் அறியற்பாலதொரு குல்லாயும் உண்டு. டென்மார்க்கு நாட்டு ஆண்டர்சன் 1852-இல் வெளியிட்ட ஒரு கதையில், மளிகைக்காரன் வீட்டில் ஒரு நிஸ்ஸே வாழ்கின்றான். வெண்ணெய்க் கஞ்சி அளிப்பவன் மளிகைக்காரன் அன்றோ! அவ்வீட்டு மேன்மாடத்தில் வறிய மாணவன் ஒருவன். பாலாடைக்கட்டி வாங்க வந்தவன், அதனைப் பொதிந்த தாள் ஒரு பழம் பாட்டுநூலின் ஏடு எனக் கண்டு, கட்டியை விடுத்து நூலை வாங்கிச் செல்கின்றான். இரவிற் சாவித்துளை வழியே நோக்கிய நிஸ்ஸே, அந்நூலினின்று ஒளிமரம் ஒன்று எழக் கண்டு மயங்குகின்றான். தீப்பற்றியது என்ற கூக்குரல் எழுந்தபொழுது அவன் ஓடி எடுத்தது அந்நூலையே. வைத்தது தன் செங்குல்லாயினுள். ஆயினும் ஆரவாரம் அடங்கியபின், கஞ்சியை நினைந்து, இருவரிடமும் பங்கு வைத்து வாழ்வேன் என முடிவு செய்கின்றான். மளிகைக்காரனுக்கும் மாணவனுக்கும் இடையே அவன் பட்ட பாட்டினை, தமிழ் சிறப்புப் பாடம் எடுத்தமைக்கு இல்லத்தாரிடம் விடை கூற வேண்டிய நம்மனோர் நன்கு அறிவர்.

இனி எம் வேண்டுகோள். விடுதிகளில் திருநாள் அணிகலனுக்கெனப் பணம் திரட்டப்படுகின்றது. குறளனைப் பழங்காலுறையிற் செய்தால் அப்பணத்தில் ஒரு பகுதி மிஞ்சும். விடியுமுன் எழுந்து நமக்குச் சோறாக்கும் சமையற்கூடத்தார், நாம் உறங்குங்கால் தாழ்வாரம் பெருக்குவோர், இரவுக் காவலர் ஆகியோர் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? மிஞ்சிய பணம் அவர்க்குத் திருநாட் பரிசாகச் செல்லுதல் வேண்டும். அதனையும் விடுமுறைக்கு நாம் ஊர் சென்றபின் மறைவாக அன்றி, விழா நாளன்றே, அவையில், பெயர் கூறி அளித்தல் வேண்டும். வெண்ணெய் கஞ்சியின் மேலே இருக்கட்டும்.

சுவீடனில் திருநாட் காலம் சனவரி 13-ஆம் நாள், புனித கனூத்தின் பெயரால் வழங்கும் நாளன்று, முடிவடைகின்றது. மரத்தினின்றும் அணிகளைக் களைவது அன்றுதான். நம் குறளனையும் அதுவரை வைத்திருந்து பின் அவிழ்க்கலாம். மணல் முற்றத்திற்குச் செல்லும். நூல் பெட்டிக்குச் செல்லும். காலுறைத் துண்டுகளைத் துவைத்து மடித்து அடுத்த திசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.