தொழிற்சங்க நிர்வாகிகளை முன்னெச்சரிக்கையாகக் கைது செய்யும் வழக்கத்தைச் சட்டத்துக்கு உட்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், கள்ளக்குறிச்சி.

தொழிலாளர் போராட்டம் அறிவிக்கப்பட்டதும் சங்க நிர்வாகிகளை முதலில் பிடித்து வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். இது இரண்டு விதமாக நடக்கிறது. மறியலுக்கு முந்தைய இரவே காவலர்கள் வீட்டுக்கு வந்து, "ஐயா பார்க்கணும்னு சொன்னார், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்று அழைத்துச் செல்வது ஒன்று. போராட்டக் களத்தில் வேனில் ஏற்றி, ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் முழுவதும் உட்கார வைத்து, பொழுது சாய்ந்தபின் அனுப்புவது மற்றொன்று. மண்டபத்தில் பெயர், தந்தை பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்வார்கள். மதியம் சாப்பாடு வரும். எந்தச் சட்டப் பிரிவில் கைது, எதற்காகக் கைது என்று எழுதிய காகிதம் மட்டும் பெரும்பாலும் வராது. மாலையில் வெளியே வந்தவர், தாம் கைதானாரா இல்லையா என்று தெரியாமலே வீடு திரும்புகிறார். பல மாதங்கள் கழித்து அழைப்பாணை வரும்போதுதான் முதல் தகவல் அறிக்கையில் தம் பெயர் இருப்பதை அறிகிறார்.

இந்த வழக்கத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆவது பிரிவே இது. பிடியாணை வேண்டாத குற்றம் ஒன்றைச் செய்ய ஒருவர் திட்டமிடுகிறார் என்பது காவல் அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைது செய்வதைத் தவிர அதைத் தடுக்க வேறு வழி இல்லை என்ற நிலையும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அதிகாரம் பிறக்கும். அப்போதும் காவல் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்த நிபந்தனைகள் நிறைவேறாத கைது அடிப்படை உரிமையை மீறுவது என்று ராஜேந்தர் சிங் பதானியா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கூலி பாக்கி கேட்டு ஆர்ப்பாட்டம் அறிவித்தார் என்பது மட்டுமே அத்தகைய திட்டத்துக்குச் சான்றாகாது.

வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்று 2003 ஆகஸ்டில் டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை மனுதாரர் சங்கம் மறைக்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்ட வேலைநிறுத்தத்தை ஒட்டி வந்த தீர்ப்பு அது. ஆனால் 1962ஆம் ஆண்டின் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அமைதியான ஆர்ப்பாட்டம் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்று அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லுமா என்பதைத் தீர்மானிக்கத் தொழிலாளர் துறையும் தீர்ப்பாயமும் இருக்கின்றன. அதைக் காவல் நிலையத்தில் தீர்மானிக்க முடியாது.

கைது என்பது போராட்டத்தை முடிக்கும் வழியாக இருந்ததே இல்லை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் பேச்சு நடந்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்து, தொழிலாளர்கள் ஆலைக்குத் திரும்பினார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாளே திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர்கள் வெளியே இருந்தவரை ஒழுங்காக நடந்த மக்கள் எழுச்சி, அவர்கள் உள்ளே போனதும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் போயிற்று.

நம் காலத்துச் சான்று ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை. 2024 செப்டம்பர் 9 அன்று அங்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வாரத்தில், பேரணி போக முயன்றவர்களில் நூறு பேர் அளவில் பிடித்து வைக்கப்பட்டார்கள். அக்டோபர் 1 அன்று காஞ்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஒரு வாரம் கழித்து நிர்வாகிகள் சிலர் இரவோடிரவாக வீடுகளிலிருந்து அழைத்துச் செல்லப்பட, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. போராட்டப் பந்தலும் பிரிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் வேலைநிறுத்தம் ஓயவில்லை. அமைச்சர்கள் முன்னிலையில் பேசி உடன்பாடு கண்ட பிறகே, 37 நாள் கழித்து, அக்டோபர் 15 அன்று அது முடிந்தது. அத்தொழிலாளர்கள் கோரிய சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. பிடித்து வைக்கப்பட்டவர்களின் சங்கத்தோடுதான் கடைசியில் பேச வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் திரண்டிருந்த தூய்மைப் பணியாளர்கள் நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களில் பெண்களே மிகுதி. அசாதாரணச் சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்ய நேர்ந்தால் பெண் அலுவலர் குற்றவியல் நடுவரின் முன் அனுமதியைப் பெற வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 43ஆவது பிரிவு. 'இது கைது அல்ல, அப்புறப்படுத்தல்தான்' என்று சொல்லி வேனில் ஏற்றி மண்டபத்தில் அடைத்தால், அந்தப் பாதுகாப்பு பெயரளவுக்கே மிஞ்சும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இப்பொருள் இப்போது அவசரமாகிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், அரிசி ஆலைகள், கரும்பு வெட்டு, உள்ளாட்சித் தூய்மைப் பணி என்று சிதறிய தொழிலாளர்களே இதுவரை மிகுதி. உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பூங்காவில் தைவான் காலணி நிறுவனத்தின் ஆலைக்கு 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆனது. 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. அவ்வளவு பேர் ஒரே வளாகத்தில் வேலை செய்யும் இடத்தில் சங்கமும் வரும், கோரிக்கையும் வரும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நடந்தவை இங்கு நடக்காதிருக்க, நெறிமுறையை இன்றே வகுப்பது நல்லது.

கல்வராயன் மலையின் நிலை வேறு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. மலையாளி பழங்குடியினர் பலர் காப்பித் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் கூட்டமாக வெளியூர் போகிறார்கள்; கூலி பாக்கிக்காக ஊர் திரும்பி முறையிடுபவர்களும் அவர்களே. நீதிமன்றமும் வழக்கறிஞர்களும் இருப்பது கீழே. கள்ளக்குறிச்சியில் பிடித்து வைக்கப்பட்டவரைப் பற்றிய செய்தி, கைபேசிக் கோபுரம் எட்டாத குக்கிராமத்துக்கு மறுநாள்தான் போய்ச் சேரும். இருட்டிய பின் விடுவித்தால் மலைக்குப் பேருந்து கிடைப்பது அரிது. சமவெளிக்காரருக்கு ஒரு பகல் இழப்பு என்றால், மலைக்காரருக்கு அது பேருந்து நிலையத்தில் கழியும் ஓர் இரவும் அடுத்த நாள் கூலியும் ஆகும்.

மனுதாரர் சங்கம் முதன்மையாகக் கேட்பது, பேச்சுவார்த்தைக்கு உரியவர்களுக்குப் பாதுகாப்பு. தொழில் தகராறு சமரச அலுவலர் முன் நிலுவையில் இருக்கும்போது, தொழிலாளர் தரப்பில் பேசும் நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலைச் சங்கம் தொழிலாளர் துறையிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் தரும். அப்பட்டியலில் உள்ள எவரையும் 170ஆவது பிரிவில் கைது செய்வதானால், அவர் என்ன குற்றம் செய்யத் திட்டமிட்டார் என்பதை அவர் பெயரிலேயே தனியாக எழுதி, துணைக் கண்காணிப்பாளர் கையொப்பமிட்டு, மாவட்ட ஆட்சியருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மொத்தமாகப் பெயர் எழுதிப் பிடிக்கும் முறை கைவிடப்பட வேண்டும். போராட்ட அறிவிப்பு வந்ததும் காவல் துறை எடுக்கும் முதல் நடவடிக்கை முத்தரப்புக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வதாக இருக்க வேண்டும்.

அடுத்தது, மண்டபத்தையும் காவல் இடமாகவே கருத வேண்டும் என்பது. கால் வைத்தால் திரும்ப முடியாத இடம் எதுவானாலும் அது காவல்தான். சன்ஹிதாவின் 36ஆவது பிரிவுப்படி சாட்சியின் கையொப்பத்தோடு கைதுக் குறிப்பாணை, 37ஆவது பிரிவுப்படி காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பெயர் விவரம், 38ஆவது பிரிவுப்படி வழக்கறிஞரைச் சந்திக்க வாய்ப்பு ஆகியவை மண்டபத்திலும் கிடைக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே இவற்றில் பெரும்பகுதியை வலியுறுத்திவிட்டது. குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு அதற்கான வசதி ஆகியவற்றைத் தனியே எழுதிக் கேட்க வேண்டிய நிலையே வருந்தத்தக்கது.

மூன்றாவது கோரிக்கை ஆர்ப்பாட்ட அனுமதி பற்றியது. 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தின் 30(2)ஆவது பிரிவு அனுமதி பெறச் சொல்கிறதே தவிர, கூட்டத்தையே தடை செய்யவில்லை. அதை மீறியதற்கு அச்சட்டம் விதிக்கும் உச்ச தண்டனை 200 ரூபாய் அபராதம். ஆகவே ஆர்ப்பாட்ட அனுமதி கோரும் மனுக்களுக்கு, ஆர்ப்பாட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே எழுத்தில் முடிவு தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் மாற்று இடத்தையும் சொல்ல வேண்டும்.

அமைதியான போராட்டங்களில் பதிவான பழைய வழக்குகளை ஆட்சியர் தலைமையில் ஆய்ந்து, திரும்பப் பெற அரசுக்குப் பரிந்துரைக்கலாம். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தின்போது போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அரசே அறிவித்தது இதற்கு முன்னுதாரணம். கல்வராயன் மலையைச் சேர்ந்தவர் காவலில் இருந்தால், மலையில் உள்ள கரியாலூர் காவல் நிலையம் வழியாகவோ கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ அன்றே குடும்பத்துக்குச் செய்தி போக வேண்டும். கடைசிப் பேருந்துக்கு முன் விடுவிக்க வேண்டும். தவறினால் காவல் வாகனத்திலேயே ஊர் கொண்டு சேர்க்க வேண்டும்.

சங்கங்களும் தம் பங்குக்கு ஊர்வலப் பாதையையும் பொறுப்பாளர்களின் பெயர்களையும் முன்கூட்டியே எழுதித் தரும். ஆம்புலன்ஸுக்கு வழி விடத் தொண்டர்களை நிறுத்தும். இக்கோரிக்கைகளில் பழைய வழக்குகள் பற்றியது தவிர ஏனையவை அனைத்தும் மாவட்ட அளவிலேயே ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடியவை. காவல் துறை, தொழிலாளர் துறை, தொழிற்சங்கங்கள் மூன்றையும் ஒரே மேசையில் அமர்த்தும் கூட்டத்தை ஆட்சியர் விரைவில் கூட்டி, அதன் முடிவுகளை எழுத்து மூலம் அனைத்துக் காவல் நிலையங்களுக்கும் அனுப்ப ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.