சயாட்டிகாவுக்கு அக்குபங்சர் போகலாமா? அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி

1/
"டாக்டர், இடுப்புல ஆரம்பிச்சு தொடை வழியா கால் விரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி சுளீர்னு இழுக்குது. அக்குபங்சர் போகலாமா?"

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. "போங்க", "போகாதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். சயாட்டிகா என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறியின் பெயர். காய்ச்சல்னு ஒருத்தர் வந்தா டெங்குவா, டைஃபாய்டான்னு பார்ப்போம் இல்லையா? அதே மாதிரி சயாட்டிகான்னா "எதனால?" என்பதுதான் முதல் கேள்வி.

கீழ் முதுகுத்தண்டிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாவதுதான் சயாட்டிக் நரம்பு. நம் உடம்பிலேயே தடிமனான நரம்பு இதுதான். அந்த வேர் எங்காவது நசுங்கினாலோ வீங்கினாலோ, வலி காலில் தெரியும். கோளாறு முதுகில், குடைச்சல் காலில்!

3/
எதனால வரும்?

👉 பெரும்பாலும் டிஸ்க் பிதுங்கல். "ஜவ்வு விலகிடுச்சு"ன்னு நாம சொல்றோமே, அதுதான். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் அதிகம்.
👉 வயதானவர்களுக்கு முதுகுத்தண்டு வடக் குழாய் குறுகுதல். நடந்தா வலிக்கும், உட்கார்ந்தா அல்லது குனிஞ்சா குறையும்.
👉 ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் நழுவுதல்.
👉 அரிதாக எலும்பில் காசநோய், புற்றுநோய் பரவல், சீழ்க்கட்டி.

கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க. இந்த நாலுக்கும் வலி ஒரே மாதிரி இருக்கலாம். வைத்தியம் ஒண்ணு இல்ல.

4/
எனக்கே வந்தது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தண்ணி கேனைத் தூக்கினேன், அவ்வளவுதான். இடது கால் பின்பக்கம் முழுக்க எரிச்சல், சுண்டுவிரல் மரத்துப்போச்சு. இருமினாக்கூட உயிர் போகும்.

வலி மாத்திரை எடுத்துக்கிட்டு முடிஞ்ச அளவு நடந்தேன். ஏழாவது வாரம் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. ஐந்தாவது வாரம் நான் அக்குபங்சர் போயிருந்தால், இன்னைக்கு "ஊசிதான் என்னைக் காப்பாத்துச்சு"ன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். எண்ணெய் தேய்ச்சிருந்தா எண்ணெய்க்குப் பேர் போயிருக்கும்.

5/
இது என் ஒருத்தன் கதை மட்டும் இல்லை. பிதுங்கிய டிஸ்க் துண்டை நம் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பலருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் வலி நன்றாகக் குறையும்.

2007-ல் நெதர்லாந்தில் சயாட்டிகா நோயாளிகள் 283 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை, இன்னொரு பிரிவு காத்திருந்தது. அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலை.

6/
சரி, அக்குபங்சர் வெறும் ஏமாத்து வேலையா? அப்படியும் சொல்ல மாட்டேன்.

2024-ல் சீனாவின் ஆறு மருத்துவமனைகளில் டிஸ்க் பிதுங்கலால் நாள்பட்ட சயாட்டிகா உள்ள 220 பேரிடம் ஆய்வு நடந்தது. நாலு வாரத்தில் பத்து முறை சிகிச்சை. 100 புள்ளி வலி அளவுகோலில் உண்மையான ஊசி போட்டவர்களுக்கு சுமார் 31 புள்ளி குறைந்தது. போலி ஊசிக்கு சுமார் 15.

இரண்டையும் கவனிங்க. உண்மை ஊசி முந்தியது. போலி ஊசிக்கும் பாதி குறைந்தது! இன்னொரு பக்கம், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் அக்குபங்சரைப் பரிந்துரைக்கவில்லை.

என் கருத்து: வலியைக் குறைக்கும் துணை சிகிச்சையாகப் போகலாம். பிதுங்கிய டிஸ்க்கை ஊசி உள்ளே தள்ளாது. காசநோயைக் குணமாக்காது.

7/
இப்போ நான் இதை எழுதக் காரணமான ஆள். நாற்பது வயது, லோடு ஆட்டோ ஓட்டுபவர். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கால் வலிக்கு ஒருவரிடம் ஊசி போட்டுக்கிட்டார். முதல் வாரம் நல்லா இருந்திருக்கு. அப்புறம் உட்காரும் இடமே மரத்துப்போக, "கழிவு வெளியேறுது, ஸ்கேன் எல்லாம் வேண்டாம்" என்று சொல்லப்பட்டது. என்னிடம் வந்தபோது, "சார், ரெண்டு நாளா ஒண்ணுக்கு வர்றதே தெரியல" என்றார்.

முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் குதிரைவால் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கிவிட்டது. அன்றே அறுவை சிகிச்சைக்கு அனுப்பினோம். கால் வலி போய்விட்டது. சிறுநீர்க் கட்டுப்பாடு முழுசாகத் திரும்பவில்லை. இன்னும் டியூப் போட்டுத்தான் சிறுநீர் எடுக்கிறார்.

ஊசி அவரைக் கெடுக்கவில்லை. தாமதம் கெடுத்தது.

8/
எங்க பக்கமும் தப்பு உண்டு. ஒளிக்க மாட்டேன்.

வலி வந்த மறுநாளே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறோம். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த 1994 ஆய்வில் பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் புடைத்திருந்தது! சயாட்டிகாவுக்கு ப்ரீகாபலின் மாத்திரையை அள்ளிக் கொடுக்கிறோம். 2017 ஆய்வில் அது போலி மாத்திரையை விட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றல்தான் கூடியது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் அனுப்பினால், அரை மணி நேரம் பேசிக் கேட்கிறவரிடம் அவர் போகத்தான் செய்வார்.

9/
இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஊசி, எண்ணெய், மசாஜ் எல்லாம் அப்புறம். உடனே மருத்துவமனை:

🔴 பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல்
🔴 சிறுநீர் வராமை, அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போதல்
🔴 இரண்டு காலிலும் வலி, பலவீனம்
🔴 பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுதல்
🔴 காய்ச்சல், எடை குறைதல், ஏற்கெனவே புற்றுநோய், பெரிய அடி

முதல் இரண்டும் வந்தால் "காலைல பார்த்துக்கலாம்" கூடாது. ராத்திரியே கிளம்புங்க.

10/
இவை எதுவும் இல்லையா? பயப்பட வேண்டாம். ஒரு டாக்டரிடம் காலைத் தூக்கிப் பார்த்து, நரம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். படுத்தே கிடக்காதீங்க, நடங்க. ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் மறுபடி காட்டுங்க.

அதோடு அக்குபங்சரும் வேண்டுமா? போங்க. மூணு நிபந்தனை: முறையாகப் படித்தவர், உங்கள் கண் முன்னே பிரிக்கும் புது ஊசி, "சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்து" என்று சொல்லாதவர். மூணாவது நிபந்தனை மீறப்பட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துடுங்க.

எந்த வைத்தியம் என்பது உங்கள் உரிமை. எதனால் வலி என்று தெரிந்துகொண்ட பிறகு அதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவர் யாராவது இருந்தால், ஒன்பதாவது பதிவை மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க.